உழைப்பு உண்டு, உடைமை இல்லை: கொங்கு நாட்டு முகாம்களில் ஈழத் தமிழர் மறுவாழ்வு

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் எழுச்சியை விளக்கிய ஷரத் சாரியின் நூல் (2004), பனியன் கம்பெனிகளில் கூலிக்கு நின்ற கவுண்டர்களில் பலர் முதலாளிகளான வழியைக் காட்டுகிறது. பாடுபடும் குணமே அவர்களின் முதல் மூலதனம். சொந்தபந்தமும் காட்டுப் பூமியும் கடனுக்குப் பிணை நின்றன. போரால் பெயர்ந்து இதே வட்டாரத்துக்கு வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வழியின் முன்பாதி மட்டுமே திறந்திருக்கிறது. அவர்களின் மறுவாழ்வுக்கு, உதவித்தொகையின் குறைவைவிட உடைமை கொள்ளும் உரிமை இன்மையே பெருந்தடை என்பது இக்கட்டுரையின் வாதம்.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் பூலுவப்பட்டி, ஆழியாறு, கோட்டூர், பவானிசாகர், அரச்சலூர் முகாம்களில் வாழ்கின்றனர். வேலைக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. பெயிண்ட் அடித்தல், கட்டட வேலை, மில், தோட்டக்கூலி என எதிலும் இவர்களைக் காணலாம். கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்களும் பெயிண்ட் வாளியோடு புறப்படுவது முகாம்களில் வழக்கமான காட்சி. அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும் என்பதால் பட்டம் அவர்களுக்கு அதிகம் உதவுவதில்லை.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 2021இல் அறிவிக்கப்பட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டம் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட வகைசெய்தது; குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. பத்தடிக்குப் பத்தடி அறையில் வளர்ந்த தலைமுறைக்குக் கான்கிரீட் வீடு பெரிய மாற்றம்தான். ஆனால் அது முகாம் வீடு. அதை அடமானம் வைத்து ஒரு தையல் எந்திரம்கூட வாங்க இயலாது.

வெளியே நிலம் வாங்கலாமே என்றால், அந்நியச் செலாவணி விதிகள் குறுக்கே நிற்கின்றன. இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. 5 ஆண்டுக்கு மிகாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோவையில் சுவர்களுக்கு வண்ணம் பூசியவர் ஒரு சென்ட் நிலத்தைத் தன் பெயருக்குப் பதிய இவ்வளவு இடர். உள்ளூரில் பெண் எடுத்தாலும் சிக்கல் தீராது. 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தை பிறப்பால் குடியுரிமை பெறப் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது; பயண ஆவணமின்றி வந்த அகதியைச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

அண்டையிலுள்ள நீலகிரி இதற்கு நல்ல ஒப்பீடு. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர், அதாவது இலங்கைத் தோட்டத் தொழிலாளர், இந்தியக் குடியுரிமையோடு வந்தனர். அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலையும், 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியின் கடன் வசதியும் அவர்களுக்கென ஏற்பட்டன. மலையகத்தில் வன்முறைக்கு அஞ்சி வவுனியா பக்கம் சென்று, பின்னர் போரால் கடல் கடந்தவர்களும் அதே தோட்ட வம்சம்தான். ஒரே குடும்பத்தின் ஒரு கிளைக்கு வாக்குரிமை, மறு கிளைக்கு முகாம் பதிவேடு என்பதற்கு வரலாற்று விபத்தைத் தவிர வேறு நியாயம் இல்லை.

தாயகம் திரும்பியோர் எல்லோரும் செழித்துவிடவில்லை என்ற மறுப்பு சரியானதே. வியாபாரக் கடனை வயிற்றுக்கே செலவிட்டவர் பலர். தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நெருக்கடி இன்றும் உண்டு. குடியுரிமை வளத்தைக் கொண்டுவந்து கொடுக்காது. எனினும் குடியுரிமை பெற்றவர்கள் வாக்குக் கேட்டு வந்தவரிடம் பட்டா கேட்க முடிந்தது. முகாம்வாசிக்கு அந்த வாய்ப்பே இல்லை.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025இல் ஒன்றிய அரசு விலக்களித்தது. வரவேற்கலாம், ஆனால் அது குடியுரிமையாகாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. அச்சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு படி இருக்கிறது: பதிவு பெற்ற முகாம் குடும்பங்கள் வீட்டுமனை வாங்க ரிசர்வ் வங்கி பொது அனுமதி அளிக்கலாம். அனுமதி தரும் அதிகாரத்தை மேற்சொன்ன அந்நியச் செலாவணி விதியே அதற்கு வழங்கியிருக்கிறது. மாநில அரசு அதைக் கேட்டுப் பெற வேண்டும்.