மூடிய மடிக்கணினியும் வெளித்திரையும்

மடிக்கணினியை மூடிவைத்து, வெளித்திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை இணைத்துப் பயன்படுத்தும் முறைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

திரையே மூடியாக மடங்கும் வடிவத்தின் முன்னோடி, 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ். அதனை வடிவமைத்தவர் பில் மோக்ரிட்ஜ்.

1992இல் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் டுவோவை வெளியிட்டது. எடையைக் குறைப்பதற்காக அதனுள் நெகிழ்வட்டு இயக்கி வைக்கப்படவில்லை. சுமப்பதற்கு எளிது, மேசை வேலைக்கோ போதாது. இக்குறையைத் தீர்க்க உடன் வந்ததே டுவோ டாக் என்னும் பெட்டி. வீடியோ கேசட்டைச் செருகுவதுபோல மூடிய டுவோவை அதனுள் செருகினால், பெட்டியே உள்ளிழுத்துக்கொள்ளும். வெளித்திரையைப் பெட்டியின்மேல் வைக்கலாம். ஆனால், வண்ணத்திரையுடன் பின்னர் வந்த தடித்த டுவோ பழைய பெட்டிக்குள் நுழையவில்லை. கணினியின் உருவத்தை நம்பிய இணைப்பு, உருவம் மாறியதும் பயனற்றுப்போனது.

இன்று அந்தப் பெட்டியின் பணியைப் பெரும்பாலும் ஒரே யூஎஸ்பி-சி வடம் செய்கிறது. மூடினால் கணினி உறங்கிவிடுகிறதா? விண்டோஸ் மின்திறன் அமைப்புகளில், மூடியை மூடும்போது 'எதுவும் செய்ய வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

மாணவர்களே, திரை உடைந்துவிட்டதே என்று கணினியை ஒதுக்கிவிடாதீர்கள். மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால், ஒரு பழைய வெளித்திரை அதற்கு மறுவாழ்வு தரும்.