யாமங்களும் இயக்குநீர்களும்

திருவரங்கத்துப் பெருமாள் கொள்வது உறக்கமன்று, அறிதுயில் என்பது மரபு. அத்துயிலெழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களே திருப்பள்ளியெழுச்சி. மனித உடலின் துயிலும் ஒருவகையில் அறிதுயிலே. கண் மூடிய பின்னும் உள்ளே பணி ஓய்வதில்லை. அதை அறிவியல் கண்டறிந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

இரவைப் பகுத்து நோக்கும் வழக்கம் நமக்குப் பழையது. மதுரைக்காஞ்சி மாநகரின் இரவை யாமம் யாமமாக வருணிக்கிறது. முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகை பார்த்து அரசனுக்குப் பொழுதறிவிக்கின்றனர். உடலுக்குள்ளும் இத்தகைய கணக்கர் உண்டா?

உண்டு என்ற விடை 1968இல் கிடைத்தது. அமெரிக்காவில் தகாஹாஷி, கிப்னிஸ், டாகடே ஆகியோர் உறங்குவோரின் குருதியை இரவு முழுதும் ஆராய்ந்தனர். ஆழ்ந்த உறக்கம் தொடங்கியதும் வளர்ச்சி இயக்குநீர் பெருகுவது தெரிந்தது. கார்ட்டிசாலின் போக்கோ வேறு. நள்ளிரவையொட்டித் தாழ்ந்து, கடையாமத்தில் ஏறி, விழிக்கும் வேளையில் உச்சமடைகிறது. முன்யாமத்தில் வளர்ச்சி, கடையாமத்தில் எழுச்சி. உடலுக்கும் ஒரு திருப்பள்ளியெழுச்சி உண்டு எனலாம்.

இக்கணக்கு கதிரவனை மட்டும் நம்பியதன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், ஒளியும் கடிகாரமும் புகாத தனியறையில் மனிதரைத் தங்கவைத்து உடலின் உட்கடிகாரத்தை ஆராய்ந்தார்.

வளர்ச்சி இயக்குநீரைத் தூண்டும் மூளைச் சுரப்பு 1982இல் இனங்காணப்பட்டது. அதற்கு முன்பே சிரில் பவர்ஸ், அதே பயனைத் தரும் செயற்கைப் பெப்டைடுகளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். அவை எந்த வாயிலைத் தட்டுகின்றனவோ அதற்குரிய இயற்கைத் திறவுகோலை 1999இல் ஜப்பானியர் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் கண்டனர். பசியைத் தூண்டும் கிரெலினே அது.

இவ்விரு தூண்டிகளும் ஒன்றல்ல என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. 1990களில் ஜெர்மனியில் இளைஞரிடம் நடந்த ஆய்வுகளில், மூளைச் சுரப்பை ஊசிவழி செலுத்தியபோது ஆழ்துயில் மிகுந்தது, கார்ட்டிசால் தணிந்தது. செயற்கைப் பெப்டைடான ஜிஎச்ஆர்பி-6 வளர்ச்சி இயக்குநீரைப் பெருக்கியது உண்மையே. ஆனால் மிகுந்தது இலேசான துயில்நிலை மட்டுமே. கார்ட்டிசாலும் உடன் உயர்ந்தது. முன்யாமத்திலேயே பள்ளியெழுச்சி பாடத் தொடங்கியது போன்ற நிலை இது!

இதை எழுதத் தூண்டியவர் நம் மாணவர் ஒருவர். நள்ளிரவு கடந்தும் கைபேசியில் விழித்திருந்து, முதல் பாடவேளையில் கண் சொருகுபவர். தசை வளரவும் நன்கு உறங்கவும் இப்பெப்டைடு உதவுமாமே என்று வினவினார். விளையாட்டு வீரர்க்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவற்றைத் தடை செய்துள்ளது. மருத்துவர் மேற்பார்வையின்றி ஊசியேற்றுவது எவர்க்கும் ஆபத்தே என்றோம். அவர் விலை கொடுத்து வாங்க எண்ணியதை உடல் முன்யாமத்தில் தானே சுரக்கிறது. அதற்கு உரிய நேரத்தில் விளக்கணைத்துப் படுத்தால் போதும்.

அரங்கன் எப்போது துயில்வது, எப்போது எழுவது என்பதற்குக் கோயிலில் ஒழுங்கு உண்டு. நம் இரவுகளுக்கும் அது வேண்டாமா?