கேட்ட கேள்வியும் கேளாத கேள்வியும்

1956ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏறக்குறைய 50,000 வீடுகளின் கதவுகள் தட்டப்பட்டன. முப்பது வீடுகளுக்கு ஒன்றெனத் தெரிந்தெடுத்து, வினாக்கொத்தும் கையுமாகச் சென்ற ஊழியர்கள் வீட்டாரை வினவினர்: நேற்று எங்கே போனீர்கள்? எத்தனை மணிக்கு? எதிலே? எதற்காக? மாநில அரசும் நகரசபையும் மத்திய அரசின் தெருப் பணியகமும் கூடி 1955இல் தொடங்கிய போக்குவரத்து ஆய்வு இது. டெற்றோயிற் நகரில் இத்தகைய ஆய்வை நடத்திவந்த டக்ளஸ் கரோல் இதற்குப் பணிப்பாளர்.

முன்னரெல்லாம் தெருவோரத்தில் நின்று வண்டிகளை எண்ணுவதே வழக்கம். எண்ணப்பட்ட வண்டி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பது எண்ணியவருக்குத் தெரியாது. வீட்டு வாசலுக்கே சென்று கேட்டது முன்னேற்றந்தான். அதை மறுப்பது நமது நோக்கமன்று.

விடைகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 1 கோடி பயணங்கள் கணிக்கப்பட்டன. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு, பயணமொன்றுக்கு ஒரு நேர்கோடு. அவற்றை மின்திரையில் ஒளிக்கோடுகளாக இழுத்துப் படம்பிடிப்பதற்கென்றே 'கார்ட்டோகிரபற்றோன்' என்னும் பொறியை ஆக்கினார்கள். இக்கோடுகளுக்கு நிபுணருலகம் வழங்கும் பெயர் 'விருப்பக் கோடு'! விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, பிறர் வீட்டில் வேலை செய்யச் செல்லும் கறுப்பினப் பெண்ணின் அலைச்சலும் விருப்பந்தானாம். வேலைத்தலத்துக்கு அருகே அவளுக்கு எவரும் வீடு கொடுக்கமாட்டார்கள் என்பதை எந்தக் கோடு காட்டும்? காசில்லாமல் போகாது விட்ட பயணத்துக்குக் கோடே கிடையாது. 'இவ்வழியே பெருந்தெரு வந்து உங்கள் வீடு இடிபட்டால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியும் வினாக்கொத்தில் இல்லை. 1962இல் வெளியான இறுதி அறிக்கை, 1980ஐ நோக்கி அதிவேகப் பாதைகளின் வலையொன்றை விதந்துரைத்தது.

பொஸ்ரன் நகரில் அந்தக் கேள்வியை மக்களே கேட்டனர். அங்கே 1948ஆம் ஆண்டுப் பெருந்தெருத் திட்டம், 1960களில் தொழிலாளரும் கறுப்பின மக்களும் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளை நோக்கி வந்தது. தென்மேற்குப் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டு நிலம் வெறுமையாகியும் விட்டது. 1966இல் இளம் திட்டவியலாளர் சிலர் குடியிருப்பாளரோடு சேர்ந்து அரசின் கணக்குகளை வரிவரியாகப் பரிசோதிக்கத் தொடங்கினர். (படித்தவர்கள் தம் கல்வியை இப்படிச் செலவிட்டது நமக்குக் குறிப்பாக மகிழ்ச்சி தருகிறது.) 1969 ஜனவரி 25இல் மக்கள் அரசாங்க மாளிகையின் முன் திரண்டனர். அடுத்த ஆண்டு ஆளுநர் சார்ஜன்ற் வேலைகளை நிறுத்திவைத்தார். அதன்பின் நடந்த மறு ஆய்வில் குடியிருப்புகளின் பிரதிநிதிகளும் அமர்ந்து வாதாடினர். 1972இல் அத்தெருக்கள் கைவிடப்பட்டன. நெடுஞ்சாலைக்கென ஒதுக்கிய பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்கு மாற்ற 1973ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. இடித்து வெளியாக்கிய நிலத்திலே 1987இல் ரயிற்பாதையும் பூங்காவும் அமைந்தன.

ஆயினும் அதே ஆண்டில், வொஷிங்ரன் வீதியின் மேலாக ஓடிய பழைய உயர்பாலத்து ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாதை அங்கிருந்து தொலைவிலே சென்றது. பழைய ரயிலை நம்பி வாழ்ந்த ரொக்ஸ்பரி மக்களுக்கு, அதற்கு ஈடான சேவை தரப்படும் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2002இல் அவ்வீதிக்கு வந்து சேர்ந்தது, பஸ்.