வீட்டு வைஃபை ரவுட்டரும் நெட்வொர்க் காப்பு டிஸ்க்கும்: அமைக்கும் நாளிலேயே கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: 2021-ஆம் ஆண்டு ஜூன் 23, 24 ஆகிய தேதிகளில், 'மை புக் லைவ்' என்னும் சேமிப்புக் கருவியை வீட்டில் வைத்திருந்த பலர் அதைத் திறந்தபோது, உள்ளே ஒரு கோப்பும் இல்லை. உறைகள் மட்டும் இருந்தன. அவற்றுக்குள் இருந்த புகைப்படங்கள், காணொலிகள், அலுவலக ஆவணங்கள் அனைத்தும் மறைந்திருந்தன.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் தயாரிப்பான இக்கருவி, ரவுட்டருடன் கேபிள் மூலம் இணைக்கப்பட்டு, வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளின் காப்பு நகலையும் ஓரிடத்தில் வைத்திருப்பதற்காக விற்கப்பட்டதாகும். அதற்கான கடைசி மென்பொருள் புதுப்பிப்பு 2015-இல் வெளியானது. அதன் பிறகும் கருவி வேலை செய்துகொண்டே இருந்ததால், பலர் அதை இணையத்தோடு இணைத்தே வைத்திருந்தனர். இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய நிலையில் இருந்த கருவிகளுக்கு, அனைத்தையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்படி யாரோ தொலைவிலிருந்தே கட்டளை அனுப்பியிருந்தனர். அக்கட்டளைக்கு முன் கடவுச்சொல் கேட்க வேண்டிய பகுதி, கருவியின் நிரலில் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. கருவியை உடனடியாக இணையத்திலிருந்து துண்டிக்குமாறு நிறுவனம் அறிவுறுத்தியது.

வேறு நகல் வைத்திருந்தவர்களுக்கு அது எரிச்சலூட்டும் ஒரு நாள். அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கோ, பல ஆண்டுகளின் குடும்பப் புகைப்படங்கள் ஒரே இரவில் போன நாள்.

இந்திய நகரங்களில் ஃபைபர் இணைப்பு பெறும் வீடுகளில், இணைய நிறுவனத்தின் பணியாளர் வந்து பெட்டியைச் சுவரில் மாட்டி, கைப்பேசியில் வேகத்தைக் காட்டி, அரைமணி நேரத்தில் விடைபெறுகிறார். அதன்பின் அப்பெட்டியின் அமைப்புப் பக்கத்தை வீட்டார் யாரும் திறப்பதில்லை. பிறகு வாங்கப்படும் காப்பு டிஸ்க்கும் அதே பெட்டியில்தான் இணைகிறது. ஆகவே, இவ்விரண்டையும் சேர்த்தே அமைக்க வேண்டியுள்ளது.

மூன்று கடவுச்சொற்கள்

வீட்டு இணைப்பில் பொதுவாக மூன்று கடவுச்சொற்கள் உண்டு. பலரும் இவற்றை ஒன்றென்றே எண்ணிக் குழம்புகின்றனர். முதலாவது, கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் இடப்படும் வைஃபை கடவுச்சொல். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற்குள் நுழைவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். மூன்றாவது, இணைய நிறுவனம் தன் இணைப்பை அடையாளம் காண ரவுட்டருக்குள் பதிந்து வைக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். மூன்றாவது எல்லா நிறுவனங்களிலும் இருப்பதில்லை. இருக்கும் இடங்களில், கோளாறு என்று எண்ணி ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினால் அவ்விவரமும் அழிந்துபோகலாம். மீண்டும் பணியாளர் வரும்வரை இணையம் இராது. எனவே அந்தத் துளையைத் தொடுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டு விவரத்தைக் காகிதத்தில் எழுதி வைப்பது நல்லது.

மிகுதியும் புறக்கணிக்கப்படுவது நிர்வாகக் கடவுச்சொல்லே. கணினியின் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இட்டால் பெரும்பாலான ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் திறக்கும்; சரியான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய மாதிரிகள் பலவற்றில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்' என்ற ஒரே சொல்தான். இத்தகைய மாற்றப்படாத கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டே 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அக்கருவிகளின் கூட்டுத் தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் சில மணி நேரம் முடங்கின. தாக்கிய கருவிகளின் உரிமையாளர்கள் எவரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. முதல் நாளில் ஒரு சொல்லை மாற்றாமல் விட்டிருந்தனர், அவ்வளவே.

வைஃபை பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கருவிகள் வீட்டில் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையையும் தெரிவு செய்யலாம். டபிள்யூஇபி என்ற பழைய முறையைப் பூட்டாகவே கருத வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொண்டோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடலாம். அதன் எட்டு இலக்க எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளியானது.

கடவுச்சொல் இல்லாத வைஃபை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு வழக்கு உண்டு. 2008-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து அனுப்பப்பட்டது என்று தேடிச் சென்ற காவல்துறை, நவி மும்பையில் வசித்த ஒரு வெளிநாட்டவரின் வீட்டை அடைந்தது. அவருடைய பாதுகாப்பற்ற வைஃபை இணைப்பைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர் என்பது விசாரணைக்குப் பின்னரே தெளிவானது. அடுத்த ஆண்டு, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்துத் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை வெளியிட்டது. பக்கத்து வீட்டார் இலவசமாகப் படம் பார்ப்பது மட்டுமே கவலை என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ளலாம்.

விருந்தினருக்கு எனத் தனி வைஃபை அமைக்கும் வசதி ஏறத்தாழ எல்லாப் புதிய ரவுட்டர்களிலும் உள்ளது. அதை விருந்தினரைவிட, வீட்டில் உள்ள கண்காணிப்பு கேமரா, ஸ்மார்ட் விளக்கு போன்றவற்றுக்குப் பயன்படுத்துவதே அதிகப் பயன் தரும். அவை காப்பு டிஸ்க் இருக்கும் பகுதிக்குள் நுழையாமல் தனியே நிற்கும்.

இடமும் மின்சாரமும்

ஃபைபர் கேபிள் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைகிறதோ, அந்த மூலையிலேயே பெட்டி மாட்டப்படுகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள இந்திய வீடுகளில் இதுவே பாதிப் பிரச்சினைக்குக் காரணம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிச் செல்லும்; ஆனால் அடுக்குமாடிகளில் அண்டை வீட்டு ரவுட்டர்களோடு மோதும். அதில் ஒன்றன்மீது ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, நெரிசல் குறைந்தது. இரண்டு சுவர்களுக்கு அப்பால் தளர்ந்துவிடும்.

அறைக்கு அறை சிக்னல் குறைகிறதென்று இரண்டாவது ரவுட்டர் வாங்குவோர், அதை 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற நிலைக்கு மாற்றி இணைக்க வேண்டும். அவ்வாறு மாற்றாவிடில் ஒரே வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைப்பின்னல்கள் உருவாகி, ஹாலில் உள்ள டிஸ்க்கைப் படுக்கையறைக் கணினி காணாமல் போகும்.

மின்வெட்டு இன்னொரு காரணி. ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய பேட்டரி யுபிஎஸ் வாங்கும்போது, பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலானவை 12 வோல்ட் என்றாலும் எல்லாம் அல்ல. டிஸ்க்கிற்கோ கணினிக்குரிய யுபிஎஸ் தேவை. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் ரவுட்டருக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்க்கில் உள்ள கோப்பு அமைப்பு சிதையக்கூடும்.

டிஸ்க்கை இணைக்கும் முறை

இதற்கு இரு வழிகள் உள்ளன. ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் சாதாரண வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவது ஒன்று, செலவு குறைவு. 'நாஸ்' எனப்படும் தனிச் சேமிப்புக் கருவியை வாங்கிக் கேபிளால் இணைப்பது மற்றொன்று. செலவு பல மடங்கு.

முதல் வழியில் இரு இடர்ப்பாடுகள் அடிக்கடி நேர்கின்றன. டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பும் அதில் ஏறாது. திருமணக் காணொலி ஒன்றே அதைத் தாண்டிவிடும். அடுத்து, பழைய ரவுட்டர்கள் பல, கோப்புகளைப் பகிர எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறையை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய 'வானாகிரை' தீநிரல் பரவியது இந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகவே. அவ்வாண்டின் இறுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே விலக்கப்பட்டுள்ளது. ரவுட்டரில் செருகிய டிஸ்க் கணினியில் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். எஸ்எம்பி1-ஐ மீண்டும் இயக்கினால் டிஸ்க் தெரியும் என்று யோசனை கூறுவோர் உண்டு. அதை ஏற்க வேண்டியதில்லை. அந்த ரவுட்டரை அவ்வேலைக்குப் பயன்படுத்தாமல் விடுவதே முறை.

நாஸ் கருவியை அமைக்கும்போது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கென ஒரு நிலையான உள்முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் மின்சாரம் நின்று வந்ததும் முகவரி மாறி, காப்பு நகல் எடுக்கும் செயலி டிஸ்க்கைத் தேடி ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருக்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வேண்டும். நிர்வாகக் கணக்கை அன்றாடக் காப்புப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது.

முதல் நகலை வைஃபையில் எடுக்க முயன்று பொறுமை இழப்போர் பலர். 1 டிபி அளவுள்ள கோப்புகளை நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள துளை வழியாக அனுப்ப, தடையே இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். 1 கிகாபிட் துளையில் அதே பணி இரண்டேகால் மணி நேரத்தில் முடியும். சில பெட்டிகளில் நான்கு துளைகளில் ஒன்று மட்டுமே கிகாபிட் வேகம் கொண்டது. டிஸ்க்கை அதில் செருக வேண்டும். முதல் நாள் கணினியையும் கேபிளிலேயே இணைத்து, பின்னர் அன்றாடச் சிறு மாற்றங்களுக்கு வைஃபையை நம்பலாம்.

வெளியூரில் இருந்தும் டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஆபத்து தொடங்குகிறது. அதற்காக ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' மூலம் வழி திறந்து விடுவது, வாசற்கதவைத் திறந்து வைத்து அலமாரியைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். இந்தியாவில் பல நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதால் இம்முயற்சி பெரும்பாலும் பலிப்பதே இல்லை. அது ஒரு வகையில் நன்மையே. கருவிகள் தாமாகவே இவ்வாறு வழி திறந்துகொள்ள உதவும் 'யுபிஎன்பி' வசதியையும் அணைத்து வைக்கலாம். 2022 ஜனவரியில் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் கருவிகளைக் குறிவைத்த 'டெட்போல்ட்' தீநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கருவிகளின் கோப்புகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. வெளியிலிருந்து அணுகியே ஆக வேண்டியவர்கள் விபிஎன் வழியாக நுழைவதே ஏற்கத்தக்கது.

இரண்டு டிஸ்க் இருந்தாலும் ஒரு நகலே

நாஸ் வாங்குவோர் பலர், உள்ளே இரண்டு டிஸ்க்குகளை வைத்து ஒன்றன் பிம்பமாக மற்றொன்றை அமைத்துவிட்டு நிம்மதி அடைகின்றனர். ரெய்டு1 எனப்படும் இம்முறை, ஒரு டிஸ்க் பழுதானால் காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அதே நொடியில் அழியும். தீநிரல் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். திருட்டு, வெள்ளம், மின்னல் ஆகியவற்றுக்கு இரண்டும் ஒரே பெட்டிதான். கணினியில் எப்போதும் ஒரு டிரைவாகத் திறந்தே இருக்கும் நெட்வொர்க் டிஸ்க்கை, அக்கணினியில் புகுந்த தீநிரலும் தன் டிரைவாகவே காணும்.

மூன்று நகல்கள், இரு வேறு ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதியை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கினார். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. கணினியில் இருப்பது முதல் நகல். நாஸில் இருப்பது இரண்டாவது. மாதம் ஒருமுறை நகல் எடுத்துக் கழற்றி, உறவினர் வீட்டில் வைக்கப்படும் சாதாரண வெளிப்புற டிஸ்க் மூன்றாவது. பண்டிகைக்கு ஊருக்குச் செல்லும்போது பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டு வரலாம். எதனோடும் இணைக்கப்படாத டிஸ்க்கை எந்தத் தீநிரலும் எட்ட முடியாது. கோப்பின் பழைய நிலைகளையும் சேர்த்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதி நாஸில் இருந்தால் அதை இயக்கி வைக்க வேண்டும்.

கைப்பேசிப் படங்களை மேகச் சேமிப்போடு ஒத்திசைப்பதையே காப்பு நகல் என்று எண்ணுவோரும் உள்ளனர். ஒத்திசைவில் கைப்பேசியில் அழித்தது அங்கும் அழியும். குப்பைத்தொட்டியில் குறிப்பிட்ட நாட்கள் இருக்கும், பிறகு இராது.

எடுத்த நகல் திரும்பக் கிடைக்கிறதா என்று சோதிப்பது மிகச் சிலரே செய்யும் வேலை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஏதேனும் ஒரு பழைய புகைப்படத்தையும் ஒரு பெரிய காணொலியையும் டிஸ்க்கிலிருந்து மீட்டுத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதே அமர்வில் ரவுட்டர், நாஸ் இரண்டின் உள்மென்பொருளுக்கும் புதுப்பிப்பு வந்துள்ளதா என்று பார்த்துவிடலாம். நிறுவனம் புதுப்பிப்பு வழங்குவதை நிறுத்திவிட்ட கருவியை இணையத்திலிருந்து துண்டித்து, நேரடிக் கேபிள் இணைப்பில் மட்டும் பயன்படுத்தலாம்.

கருவிகளில் தீநிரல் இருப்பதாக ஐயம் எழுந்தால், மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2017 முதல் நடத்திவரும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசச் சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன. பண இழப்பு நேர்ந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளிக்கலாம்.

இணைய நிறுவனத்தை மாற்றும் வீடுகள், பழைய பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கும் முன்பே அதன் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும். யுஎஸ்பி துளையில் செருகிய டிஸ்க்கைக் கழற்ற மறந்து பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவதும் நடக்கக்கூடியதே என்பதால், பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.