மரபுரிமைத் துப்பாக்கியின் மதிப்பு: தங்காக் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் லேடாங் மலையடிவாரத்தில் அமைந்த தங்காக்கில் தமிழாசிரியர் சிலரோடு உரையாடியபொழுது நம்முன் ஒரு வினா வைக்கப்பெற்றது. பாட்டனார் விட்டுச்சென்ற பழந்துப்பாக்கியின் மதிப்பை எங்ஙனம் அறிவது என்பதே அது. வினவியவர் விலையையே கருதினார். எனினும், பழந்துப்பாக்கியின் மதிப்பு இரும்பிலும் மரத்திலும் மட்டும் தங்கியிருப்பதன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் கூறும் சான்று

மதிப்பிடுவோர் முதலில் நோக்குவன காலம், நிலை, வழிவரலாறு ஆகிய மூன்றுமாகும். காலத்தைப் பொறியமைப்புக் காட்டும். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் முறை பழையது. சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றவைப்பது பிந்தியது. வெடிமருந்து அடங்கிய சிறு செப்புமூடியைப் பயன்படுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. முத்திரைகளும் துணைபுரியும். கிழக்கிந்தியக் கும்பெனியின் துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரை வழங்கிவந்தது. 1808 முதல் எழுந்துநிற்கும் சிங்க முத்திரை இடம்பெற்றது. துருவென்று கருதி உரசி மெருகேற்றுவோர் இச்சான்றுகளையே அழித்துவிடுகின்றனர்.

வழிவரலாறு கூறும் சான்று

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் படைக்கலங்கள் பல இங்கிலாந்து சென்றன. அவற்றுட் சில, கும்பெனிப் படையினரான மேஜர் தாமஸ் ஹார்ட் கொணர்ந்தவை, பெர்க்ஷயரில் ஒரு குடும்பத்தாரின் வீட்டுப் பரணில் கிடந்தன. 2019இல் அவை ஏலத்திற்கு வந்தபோது துப்பாக்கியொன்று மட்டும் 60,000 பவுனுக்கு விலைபோயிற்று. அதன் கட்டையில் குண்டு பட்டதாகக் கருதப்படும் சிதைவு இருந்தது. அது குறையாகாமல் போர்க்களச் சான்றாகவே கொள்ளப்பட்டது. இவை தாயகம் திரும்புதல் வேண்டும் என்னும் குரலும் அப்போது எழுந்தது. ஆகவே, விலை வேறு, உரிமை வேறு என்பதும் தெளிவாகிறது.

தங்காக்கின் நிலை

நம் தோட்டங்களின் நிலை வேறு. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டு, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அக்காலத்தில் தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் ஏந்திய துப்பாக்கி அரசின் உடைமை. பேரப்பிள்ளைகளுக்கு இறங்கும் சொத்தன்று. காட்டுப்பன்றியை விரட்ட உரிமத்துடன் வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியும் அத்தகையதே: உரிமம் ஆளுக்குரியது, அவர் மறைவோடு பிறர்க்குத் தானாக இறங்குவதில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமமின்றி வைத்திருப்போர்க்கு ஏழாண்டுவரை சிறையோ 10,000 ரிங்கிட்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. எனவே விலை கேட்பதற்கு முன், அதனைத் தாமே தூக்கிச்செல்லாது, காவல்துறைக்கு அறிவித்தலே முறையாகும்.

முடிவுரை

துப்பாக்கியை ஒப்படைத்தபின் வீட்டில் எஞ்சுவது யாது? உரிமத்தாள், பணிச்சான்று, சீருடையில் எடுத்த நிழற்படம், முதியோர் நினைவு ஆகியனவே. இரும்பு கைநழுவினும் இவை இருப்பின் வரலாறு நிலைக்கும். இவையின்றேல் அந்த இரும்பு ஊமையே. பழைய தாள்களைக் குப்பையென எரிப்பதற்கு முன் மாணவரைக்கொண்டு படியெடுத்துப் பாதுகாத்தல் தமிழாசிரியர்களால் இயலும் பணி. தோட்டத்துத் தமிழரின் வரலாற்றில் உண்மையான மரபுரிமை அதுவே என்பது நம் துணிபு.