ஐயமும் சான்றும்: அமெரிக்க பேஸ்போல் வரலாற்றில் ஊக்கமருந்துப் பிரச்சினை

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் எண்களினால் எழுதப்படுவது. ஐக்கிய அமெரிக்காவின் தொழின்முறை பேஸ்போல் ஆட்டத்துக்கு இக்கூற்று முற்றிலும் பொருந்தும். பந்தை மைதான எல்லைக்கு அப்பால் அடிக்கும் ‘ஹோம் ரன்’ அவ்வாட்டத்தின் உச்சமாகும். 1927 இல் பேப் ரூத் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்களை அடித்தார். 1961 இல் றொஜர் மாரிஸ் 61 அடித்து அதனைக் கடந்தார். அச்சாதனை 37 ஆண்டுகள் நிலைத்தது. ஆனால், 1998 முதல் 2001 வரையிலான நான்கு பருவங்களுள் மார்க் மக்குவயர், சமி சோசா, பரி பொண்ட்ஸ் ஆகிய மூவரும் அவ்வெல்லையை ஆறு முறை தாண்டினர். பொண்ட்ஸ் 2001 இல் 73 ஹோம் ரன்களை எட்டினார். வியப்பு விரைவில் ஐயமாக மாறியது.

ஊக்கப்பொருள் நாட்டம் அக்காலத்தில் முளைத்த புதுமையன்று. 1889 இலேயே பட் கல்வின் என்னும் பந்துவீச்சாளர் விலங்கின் விதைச் சாறு கொண்ட மருந்தொன்றை ஏற்றிக்கொண்டார். அன்று அது மறைக்கப்பட வேண்டிய செயலாகக் கருதப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்பெற்றமின் மாத்திரைகள் ஆட்டக்காரரிடையே பரவின. தசையை வளர்க்கும் அனபொலிக் ஸ்டெரொயிட்டுகளே நூற்றாண்டின் இறுதியில் பிரச்சினையின் தன்மையை மாற்றின.

இங்கு நிறுவனத்தின் பொறுப்பு நோக்கத்தக்கது. 1991 இல் ஆணையாளர் பே வின்சென்ற் ஸ்டெரொயிட்டுகளைத் தடைசெய்து சுற்றறிக்கை விடுத்தார். எனினும், சோதனை முறை எதுவும் ஏற்படுத்தப்படவில்லை. அந்தரங்க உரிமையைக் காரணங்காட்டி வீரர் சங்கம் சோதனையை எதிர்த்தது. 1994 இல் வேலைநிறுத்தத்தால் உலகத்தொடர் கைவிடப்பட்டு, இரசிகர் வெறுப்புற்றனர். அவர்களை மீண்டும் மைதானத்துக்கு ஈர்த்தது 1998 இல் மக்குவயரும் சோசாவும் நிகழ்த்திய போட்டியே. வருவாய் பெருகிய வேளையில் வினா எழுப்ப உரிமையாளருக்கும் மனமில்லை. அவ்வாண்டு மக்குவயரின் பெட்டகத்தில் ‘அண்ட்ரோஸ்ரெனிடயோன்’ இருந்ததைப் பத்திரிகையாளர் ஒருவர் வெளியிட்டபோது, அது பேஸ்போலில் தடைசெய்யப்பட்டதன்று என்பதே விடையாயிற்று.

மௌனம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2002 இல் கென் கமினிற்றி, தாம் மிகச்சிறந்த வீரர் விருதுபெற்ற 1996 ஆம் ஆண்டில் ஸ்டெரொயிட் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். 2003 இல் பெயர் வெளியிடாத முன்னோடிச் சோதனையில் ஐந்து வீதத்துக்கு மேற்பட்ட முடிவுகள் மருந்துப் பாவனையைக் காட்டவே, 2004 முதல் தண்டனையுடன் கூடிய சோதனை நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவின் ‘பல்கோ’ நிறுவனம் மீதான விசாரணை, வழமையான சோதனைக்கு அகப்படாத புதிய ஸ்டெரொயிட் ஒன்றை அம்பலப்படுத்தியது. 2005 மார்ச்சில் காங்கிரஸ் விசாரணை நடந்தது. 2007 டிசம்பரில் ஜோர்ஜ் மிற்சல் 409 பக்க அறிக்கையில் 89 வீரர்களின் பெயர்களைக் குறிப்பிட்டார்.

ஆயினும், பெயர் குறிப்பிடப்படுதல் வேறு; குற்றம் நிறுவப்படுதல் வேறு. ஒப்புதல், ஆய்வுகூட முடிவு, பிறர் சாட்சியம், உடற்பருமனும் எண்களும் தரும் ஊகம் என்பன சமவலுவுடைய சான்றுகளல்ல. மக்குவயர் 2010 இல் தாமே ஒப்புக்கொண்டார். எனவே அவர் நிலை தெளிவானது. மிற்சல் அறிக்கையில் இடம்பெற்ற றொஜர் கிளெமென்ஸ் தொடர்ந்து மறுத்தார். பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டிலிருந்து 2012 இல் விடுவிக்கப்பட்டார். நீதிக்கு இடையூறு செய்தார் எனப் பொண்ட்ஸுக்கு எதிராக 2011 இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு 2015 இல் நீக்கப்பட்டது. எண்களை மட்டுமே சான்றாகக் கொள்ளுதலும் தவறாகும். 1993, 1998 ஆகிய ஆண்டுகளில் புதிய அணிகள் சேர்க்கப்பட்டமையும் புதிய மைதானங்களின் அமைப்பும் ஹோம் ரன் பெருக்கத்துக்குத் துணைநின்றிருக்கலாம்.

ஐயத்தின் சீரற்ற தன்மையைப் புகழ் மண்டபத் தெரிவுகள் காட்டுகின்றன. தெரிவுக்கு 75 வீத வாக்குத் தேவை. 2022 இல், தமது பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பில், பொண்ட்ஸ் 66.0 வீதமும் கிளெமென்ஸ் 65.2 வீதமும் பெற்றுத் தோற்றனர். அதே வாக்கெடுப்பில் டேவிட் ஓர்ற்றிஸ் முதன்முறையிலேயே தெரிவானார். 2003 ஆம் ஆண்டின் இரகசியச் சோதனைப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததாக 2009 இல் பத்திரிகைச் செய்தி வெளியாகியிருந்தது. அச்சோதனை முடிவுகளுட் சில ஐயத்துக்குரியவை என ஆணையாளர் றொப் மன்பிரெட் 2016 இல் கூறியிருந்தார். மறுபுறம், நேரடிச் சான்று எதுவும் முன்வைக்கப்படாத ஜெப் பக்வெல் ஏழாம் ஆண்டுவரை, 2017 வரை, காத்திருக்க நேர்ந்தது.

சோதனை இல்லாத ஆண்டுகள் குற்றவாளிக்கு மறைவிடமாயின. குற்றமற்றவனுக்கோ தன் தூய்மையை நிறுவும் வழியை அவை அடைத்துவிட்டன. அன்று நேர்மையாக ஆடியவனும் இன்று அதனை மெய்ப்பிக்க இயலாதவனாகின்றான். பதிவேட்டில் 73 என்னும் எண் அழியாது நிற்கின்றது. அதற்குரிய பொருளைப் பதிவுசெய்திருக்க வேண்டிய நிறுவனம் உரிய காலத்தில் அதனைச் செய்யவில்லை. பேஸ்போல் வரலாற்றின் இப்பகுதி தனிமனிதரின் பேராசையைப் போன்றே நிறுவனத்தின் மௌனத்துக்கும் சான்றாகும்.