ஆடாதோடையும் மலைநாட்டு இருமலும்

உடப்புசல்லாவை மலைச்சரிவுகள் கீழ்த்திசை நோக்கியவை. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று நேரே வந்து மோதும். பகலிலும் பனிமூட்டம் இறங்கும். அந்நாட்களில் லயங்களிற் கேட்கும் இருமலைப் பனியின்மீது பழிபோட்டு விட்டுவிடுவது வழக்கம். ஆனால் ஆண்டுக்கு மூன்று மாதமாக, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், கோழையோடு வரும் இருமல் வெறும் பனியிருமலன்று. மருத்துவர் அதனை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்பர்.

கோழையை இளக்கும் மருந்தை இந்நோய்க்கு உட்கொள்ளும் முறையின் வரலாறு, நேயர்களே, நம் வேலியோரத்திலே தொடங்குகிறது. ஆடு தொடாத இலையாதலின் ஆடாதோடை எனப் பெயர் பெற்றதென்பர். அதன் குடிநீரை இருமலுக்கும் இரைப்புக்கும் கொடுப்பது சித்த மருத்துவத்தின் பழைய வழக்கு. உதகமண்டலத்தில், சென்னை அரசாங்கத்தின் சார்பில் கொயினாவை ஆராய்ந்துவந்த டேவிட் ஹூப்பர் என்பார், 1888இல் அவ்விலையினின்று வாசிசீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். காய்ச்சல் மருந்தை ஆராய்ந்தவர் கையில் இருமல் மருந்தின் மூலம் அகப்பட்டது வியப்புத்தான்! வாசிசீனை அடியொற்றிச் செயற்கையாக ஆக்கப்பட்ட புரோமெக்சின் 1963இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. அம்மருந்து உடலுக்குள் மாறிப் பிறக்கும் அம்புரோக்சால் 1979இல் தனி மருந்தாயிற்று.

இவை இருமலை அடக்குவன அல்ல. கோழையைப் பசைபோல் இறுக்கும் இழைகளைத் தளர்த்துவன. கோழை நீர்த்ததும், மூச்சுக்குழலின் நுண்மயிர்கள் அதனை மேலே தள்ளுகின்றன. இருமினால் எளிதில் வெளிவருகிறது. தொடக்கத்திற் கோழை மிகுதியாக வருவது கண்டு நோய் முற்றிவிட்டதென அஞ்சி, மருந்தை நிறுத்திவிடுதல் தவறு. வயிற்றுப்புண் உள்ளவர் மட்டும் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும்.

எனினும் மருந்தின் எல்லை குறுகியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கோழையிளக்கிகளால் நோய் திடீரெனப் பெருகும் தடவைகள் சற்றே குறைவதைக் கண்டனர்; நோய் வேரறுவதைக் கண்டாரில்லை. வேர் வேறிடத்தில் இருக்கிறது. தேயிலைத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளரின் மூச்சுநோய்களைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. ஊரகொட 1980இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பீடியும் சுருட்டும் மற்றொரு காரணம். இவ்விரண்டும் இல்லாத பெண்களுக்கோ, புகைபோக்கியற்ற காம்பராவில் எரியும் விறகடுப்பு உண்டு. மருந்தகத்தில் குப்பியை வாங்கிக்கொண்டு திரும்பும் பெண், மாலையில் அவ்வடுப்பின் முன்னேதான் குந்தி ஊதுகிறாள்.